வாத்து தேறவில்லை

வளையத்தைக் கண்டுபிடித்த புண்ணியவானுக்கு என்றைக்காவது பல்வலி வந்தால் என்னிடம் அனுப்பி வையுங்கள். மரப்பு ஊசி போடாமல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நான் பல் மருத்துவர். பெயர் ஜெயசுதா. ஒண்டிப்புதூரில் கிளினிக் வைத்திருக்கிறேன். சமீபகாலம் வரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் மட்டும் நான் டாக்டர் இல்லை. என் சிநேகிதி சௌந்தரத்தின் மேசையில் உட்கார்ந்து பகடை உருட்டிய கூலிப்படைக்காரி.

மேசைக் கதை ஆட்டம் தெரியாதவர்கள் இப்போது யாரும் இருக்க மாட்டார்கள். இருந்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்துகொண்டு, கதவை உடைக்கிறேன், ஆற்றில் குதிக்கிறேன் என்று சொல்வார்கள். கதவு உடைகிறதா, கால் உடைகிறதா என்பதைப் பகடை சொல்லும். சினிமாவும் பாட்டும் கதையும் இயந்திரங்களே செய்து கொட்ட ஆரம்பித்த பிறகு, ஜனங்களுக்கு அதெல்லாம் திகட்டிப்போய், மனுஷ முகத்தைப் பார்த்து மனுஷ வாயால் கதை கேட்கிற பைத்தியம் பிடித்தது. ஊருக்கு ஊர் கதைக்கூடம் வந்தது. எங்களுடையது மூடிக்கிடந்த ஒரு நூற்பாலையின் குடோன்.

மேசைகள் குறைவு. கேட்கிறவர்கள் அதிகம். யாருக்கு மேசை என்பதில் சாதி, சொந்தம், காக்கா பிடிப்பது எல்லாம் புகுந்து, ஒரு பொதுக்குழுவில் நாற்காலிகள் பறந்தன. அப்போதுதான் சங்கம் வளையத்தை வாங்கியது. காதுக்குப் பின்னால் தொடங்கி பிடரியைச் சுற்றி மாட்டுகிற சமாச்சாரம். சங்கச் செயலாளர் நாகமாணிக்கம் மேடையில் அதைத் தூக்கிப் பிடித்து விளக்கினார்.

"ஒரு ஆட்டம் உங்களுக்குப் புடிக்குதுன்னு வைங்க. அதுக்கு ரெண்டு காரணம் இருக்குதுங்க. ஒண்ணு, அது நெசமாலுமே நல்லா இருக்குது. இன்னொண்ணு, அது உங்களுக்குன்னு எதையோ தொடுது. உங்க சின்ன வயசு, உங்க சொந்தபந்தம், நடத்துறவங்க மேல இருக்கற பாசம். இந்த ரெண்டாவத மட்டும் வளையம் தூங்க வெச்சுரும். மொதல்ல சொன்னது முழிச்சிருக்கும்."

"பகையும் தூங்குமுங்களா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"பகை, பாசம், ரெண்டுந்தானுங்க. பொண்டாட்டி மேசைக்குப் புருசனையே நடுவராப் போடலாம். அத்தனை சுத்தம்."

எல்லோரும் கைதட்டினோம். அதிகம் தட்டியவர் பரஞ்சோதி. அவர் பாலம் கட்டுகிற எஞ்சினீயர், சௌந்தரத்தின் கணவர். அளந்து பார்க்க முடியாத எதன்மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அந்த மாதமே நடுவராகப் பெயர் கொடுத்துவிட்டார். நடுவரானவர் எந்த மேசையிலும் விளையாட உட்காரக் கூடாது என்பது விதி. ஆக, மனைவியின் மேசையில் அவருடைய நாற்காலி மூன்று வருஷமாகக் காலி. நானும், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கிற இம்தியாஸும் மட்டும் மிச்சம். சௌந்தரம் அந்த நாற்காலியை எடுக்கவும் இல்லை, வேறு யாரையும் அதில் உட்கார வைக்கவும் இல்லை.

இந்த மூன்று வருஷத்தில் ஊரின் பேச்சே மாறிப்போயிற்று. 'எனக்குப் பிடிச்சிருக்கு' என்று சொல்வது லஞ்சம் வாங்கியதை ஒப்புக்கொள்வது மாதிரி ஆகிவிட்டது. குரலைத் தாழ்த்தி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள். நடுவர் 'தேறவில்லை' என்று சொன்ன மேசை கூடத்தை விட்டுப் போய்விட வேண்டும். வீட்டில் போட்டு ஆடலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் யார் போவார்கள்? வாராவாரம் விழுந்து விழுந்து சிரித்த ஆட்டம் தேறவில்லை என்றதும், தன் ரசனையிலேயே கோளாறு என்று ஒரு பெண் என் கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். பல் அடைக்க வந்தவள். வாயைத் திறங்கம்மா என்றேன். வேறென்ன சொல்வது?

வளையத்துக்கு ஒரு குணம் உண்டு. கழற்றிய பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மரப்பு போகாது. போன வருஷம் பரஞ்சோதி ஏதோ ஒரு மேசையில் நடுவராக உட்கார்ந்திருந்தபோது அவருடைய அண்ணன் திருமூர்த்தி மாரடைப்பில் போய்விட்டார். தகவல் வந்ததும் வளையத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே இழவு வீட்டுக்குப் போனார். அப்பா இல்லாத வீட்டில் அவரைப் படிக்க வைத்து ஆளாக்கிய அண்ணன். முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு திரும்பி, "பந்தல் கால் ஒண்ணு சாஞ்சிருக்குது, நேரா நட்டிருக்கலாம்" என்றார். அண்ணியின் காதில் விழுகிற மாதிரி.

"மரப்பு போன பொறவாவது அழுதாரா?" என்று சௌந்தரத்தைக் கேட்டேன்.

"எங்க ஜெயா? அதுக்குள்ள ஒறம்பரைச் சனம் பூரா கல்லு, கல்லுன்னு திட்டித் தீத்துட்டாங்க. அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அழறது? அன்னிக்கிருந்து அண்ணன் பேரையே எடுக்கறதில்ல. ராத்திரி தூங்கறதும் இல்ல. கேட்டா ஒண்ணுமில்லீங்கறாரு."

இந்த நிலைமையில்தான் சௌந்தரத்தின் மேசை மதிப்பீட்டுக்கு வர வேண்டிய நாள் நெருங்கியது. வளையத்தின் மேல் பத்திரிகைகளில் சிலர் சந்தேகம் கிளப்பியிருந்த சமயம். அவர்கள் வாயை அடைக்க நாகமாணிக்கத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. மேடையில் சொன்னதைச் செய்தே காட்டிவிடலாம், மனைவியின் மேசைக்குக் கணவனே நடுவர். பரஞ்சோதி உடனே சரி என்றார். முடியாது என்று சொல்ல சௌந்தரத்துக்கு உரிமை இருந்தது. அவளும் சரி என்றுவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கிளினிக்கைச் சாத்திவிட்டு அவள் வீட்டுக்கே போனேன். அவள் சாப்பாட்டு மேசையில் அட்டைகளைப் பரப்பி கதை கட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கென்ன கிறுக்கா? வேற யாராச்சும் நடுவரா வந்தா, உன் ஆட்டம் அட்டகாசமாத் தேறும். எதுக்கு இந்த வேலை?"

"மூணு வருசங்கழிச்சு அவரு எம்மேசைல உக்காரப் போறாரு, ஜெயா. வேற யாரோ வந்து தேறி எனக்கென்ன?"

"அவரு வளையத்தோட வருவாரு."

"வரட்டும். வளையத்துக்குக் கீழ இருக்கறது அவருதான? நான் முழுக்க முழுக்க அவருக்குன்னே ஒரு கதை பண்ணியிருக்கறேன். அவருக்கு மட்டுந்தான் புரியும். அந்தக் கதைல அவருக்கு அழறதுக்கு ஒரு எடம் வெச்சிருக்கறேன். அழுதுட்டாருன்னா தூங்கிருவாரு."

"மரத்துப்போன வாய்க்கு மைசூர்பாகு ஊட்டறேங்கற. எங்கிட்ட வர்ற குழந்தைங்க மரப்பு போறதுக்குள்ள சொந்த உதட்டையே கடிச்சு ரத்தமாக்கிட்டு வந்து நிக்கும். அதுங்களுக்குக் கடிக்கறது தெரியாது."

அவள் சிரித்தாள். "எனக்கு ஊருக்கெல்லாம் கதை சொல்லத் தெரியாது ஜெயா. எதுத்தாப்ல யாரு உக்காந்திருக்காங்களோ அவங்களுக்குத்தான் சொல்லத் தெரியும். அதுதான இந்த ஆட்டம்?"

அதுதான் இந்த ஆட்டம். பதினோரு வருஷம் அவள் மேசையில் உட்கார்ந்தவள் என்ற முறையில் நான் அதை மறுக்க முடியாது. இம்தியாஸுக்குப் பேய் பயம் என்று தெரிந்தால் பேயை அனுப்புவாள். நான் நோயாளிகளிடம் கத்த முடியாமல் அடக்கிக்கொண்டு வருகிறவள் என்று தெரிந்து, கத்திச் சண்டை போட ஒரு தளபதியை அனுப்புவாள். நல்ல கதைநடத்துநர்கள் எல்லோரும் செய்வது இதைத்தான். எதிரே இருப்பவரின் தலையில் வளையம் இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள். வேறு மாதிரி செய்ய அவர்களுக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடோனில் கூட்டம் வழிந்தது. எங்கள் மேசையைச் சுற்றிக் கயிறு கட்டி, அதற்கு அப்பால் ஜனங்கள் கல்யாண வீட்டு வீடியோவில் முகம் தெரியவேண்டும் என்கிற மாதிரி நெருக்கி நின்றார்கள். பரஞ்சோதி வளையத்தோடு வந்து மூன்று வருஷமாகக் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டில் சௌந்தரத்தை அவர் கூப்பிடுவது 'அம்மிணி' என்று. அன்று "நீங்க ஆரம்பிக்கலாம்" என்றார்.

கதை இதுதான். வெள்ளம் வந்த ஒரு ஆறு. அக்கரையில் காய்ச்சல் கண்ட ஒரு ஊர். பொழுது சாய்வதற்குள் மருந்துப் பெட்டியை அக்கரை சேர்க்க வேண்டும். நான் கூலிப்படைக்காரி, இம்தியாஸ் திருடன், பரஞ்சோதி அரண்மனை எஞ்சினீயர். ஆற்றின் மேல் எஞ்சினீயர் கட்டிய புத்தம் புதுப் பாலம். பாலத்தின் நடுவில் ஒரு வாத்து.

"வெள்ளை வாத்து. கழுத்த நீட்டிக்கிட்டு நிக்குது. உங்கள விடமாட்டேங்குது" என்றாள் சௌந்தரம், கண்ணைக் கணவரிடமிருந்து எடுக்காமல்.

நான் வாளை உருவினேன். பகடை காலை வாரியது, ஆற்றில் விழுந்தேன். இம்தியாஸ் ரொட்டித் துண்டு போட்டுப் பார்த்தான். வாத்து ரொட்டியையும் தின்றது, அவன் விரலையும் கடித்தது. அவனும் ஆற்றில் விழுந்தான். சௌந்தரம் கழுத்தை நீட்டி, இரண்டு கையையும் பின்னால் விரித்து, வாத்தாகவே மாறி எங்களைத் துரத்தினாள். இம்தியாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அக்கா போதும்க்கா, செத்துருவேன்க்கா" என்று கதறினான். ஒவ்வொரு முறையும் அவள் ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள். அவர் டெண்டர் படிக்கிறவர் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"என் பாத்திரம் வாத்து போற வரைக்கும் காத்திருக்குது" என்றார்.

அதன் பிறகு வெள்ளம் ஏறியது. பாலத்தில் ஒரு பகுதி உடைந்து போனது. அப்போது இக்கரையில் ஒரு படகுக்காரன் வந்தான். சௌந்தரம் குரலை மாற்றினாள். தொண்டையைக் கரகரத்து, வார்த்தையை இழுத்து, "என்றா எஞ்சினீயரு, உன்ற பாலம் நிக்குதா?" என்றாள்.

அது திருமூர்த்தியின் குரல். அவர் என்னிடம் பல் கட்டிக்கொண்டவர். வாயில் பஞ்சு இருக்கும்போதும் 'என்ற தம்பி எஞ்சினீயரு' என்று பெருமை பேசியவர்.

படகுக்காரன் சொன்னான், பெட்டியை அக்கரை சேர்த்துவிடுவேன், ஆனால் இந்த வெள்ளத்தில் படகு திரும்பி வராது, நானும் வர மாட்டேன். பிறகு துடுப்பை ஊன்றிக்கொண்டு கேட்டான். "எஞ்சினீயரு, நான் கெளம்பட்டா?"

குடோனில் சத்தம் அடங்கிவிட்டது. இம்தியாஸுக்கு ஒன்றும் தெரியாது, அவனும் சிரிப்பை நிறுத்திவிட்டான். சௌந்தரம் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு பதிலுக்காக அவள் அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

"பெட்டியக் குடுத்துடறேன். படகு போலாம்" என்றார் பரஞ்சோதி.

"அவன்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லீங்களா?"

"பெட்டி போய்ச் சேந்துதான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

படகு போயிற்று. பெட்டி சேர்ந்தது. கதை முடிந்தது.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சூடு ஆறுவதற்குள், வளையத்தைக் கழற்றுவதற்கு முன்பே, நடத்தியவர் முகத்துக்கு நேரே தீர்ப்பைச் சொல்லிவிட வேண்டும். முதுகுக்குப் பின்னால் பேசக் கூடாது என்பதற்காகக் கொண்டுவந்த நல்ல வழக்கமாம். பரஞ்சோதி எழுந்து நின்றார். அவர் குரலில் கோபம் இல்லை, கிண்டல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"குரல் நல்லாருக்குது. வெள்ளத்த வர்ணிச்சது நல்லாருக்குது. ஆனா வாத்து வந்ததும் கதை நின்னு போச்சுங்க. அந்த வாத்து ஏன் அங்க வந்துச்சு, எதுக்கு வழிய மறிக்குது, கதைக்குள்ள ஒரு காரணமும் இல்ல. எனக்குச் சிரிப்பு வரலை. இம்தியாஸுக்கு வந்துச்சுன்னா, உங்ககூடப் பழகின தோசம். படகுக்காரன் அதவிட மோசம். அரண்மனை எஞ்சினீயர 'என்றா' போட்டுப் பேசறான், எதனாலன்னு சொல்லவே இல்ல. அவன் போறப்ப நாங்க கலங்கணும்னு நெனச்சு ரொம்ப நேரம் நிறுத்துனீங்க. முன்னப்பின்னத் தெரியாத ஆளுக்கு எதுக்குங்க அழுகணும்?"

"தெரியாத ஆளுங்களா?" சௌந்தரத்தின் குரல் சின்னதாக இருந்தது.

"தெரியாது. மேசை தேறவில்லை."

அப்புறம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கைதட்டல் இடிந்து விழுந்தது. "பாத்தீங்களா, சொந்தப் பொண்டாட்டிங்க!" என்று நாகமாணிக்கம் பத்திரிகைக்காரர்களைப் பார்த்துக் கத்தினார். அவர் கண்ணில் ஆனந்தக் கண்ணீர். இம்தியாஸ் தன் பகடைகளைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டே எழுந்தான். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர் இன்னும் அவன் கன்னத்தில் காயவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குப் புடிச்சுது. ஆனா டிப்போல கேப்பாங்க, எந்த மேசைன்னு. ஏற்கெனவே நான் படிக்காதவன்னு ஒரு பேச்சு இருக்கு."

அவன் போய்விட்டான். நான் சௌந்தரத்தின் தோளில் கை வைத்தேன். அவள் என் கையை எடுத்து மெதுவாக மேசை மேல் வைத்தாள். நாகமாணிக்கம் ஓடி வந்தார்.

"அம்மா, மனசு விட்றாதீங்க. தேறாத மேசைக்காரங்களத்தான் நாங்க நடுவரா எடுக்கறது. ஆட்டத்தோட நெளிவு சுளிவு தெரிஞ்சவங்க வேணுமல்லங்க. உங்களுக்கு ஒரு எடம் ரெடியா இருக்குது. யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் யோசிப்பதற்குள் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார்கள். மரப்பு போகும்வரை நடுவர் வண்டி ஓட்டக் கூடாது. பரஞ்சோதி வளையத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, வீட்டில் விடுகிறீர்களா டாக்டர் என்று சாதாரணமாகக் கேட்டார். கொலை பண்ணத் தோன்றியது. ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன்.

இந்த நிலைமையில் அவரை வீட்டுக்குள் விட எனக்கு மனசில்லை. வழியில் ஒரு பேக்கரியில் நிறுத்தி டீயும் தேங்காய் பன்னும் வாங்கினேன். அவர் பன்னைக் கடித்துவிட்டு, "வெளிப்பக்கம் வறண்டிருக்கு. பூரணம் பரவால்ல" என்றார். டீயைக் குடித்துக்கொண்டு பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நேரம் ஆயிற்று. இரண்டாவது டீ வந்தது.

திடீரென்று அவர் மூக்கு வழியாக டீ பீறிட்டது. குனிந்துகொண்டு இருமுகிறார் என்று நினைத்து முதுகில் தட்டினேன். இருமல் இல்லை. சிரிப்பு.

"வாத்து! டாக்டர், அந்த வாத்து!"

"என்ன வாத்து?"

"எம்மொதப் பாலம். பவானிப் பக்கம். தொறப்பு விழா, கலெக்டர் ரிப்பன் வெட்டறாரு. எங்கிருந்தோ ஒரு வாத்து வந்து என்னை மட்டும் தொரத்துது. கலெக்டர விட்டுட்டு, காண்ட்ராக்டர விட்டுட்டு, என்னை! புதுக் கோட்டு சூட்டோட வாய்க்கால்ல விழுந்தேன். ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. கல்யாணமான மொத ராத்திரி அம்மிணிகிட்ட மட்டும் சொன்னேன். ரெண்டு பேரும் விடிய விடிய சிரிச்சோம். கழுத்த நீட்டுனா பாத்தீங்களா? அப்படியேதான் நீட்டுச்சு!"

அவர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது, வெட்கம் கெட்டுப்போய். அந்தச் சிரிப்பின் நடுவிலேயே அவர் முகம் நின்றுபோனது.

"படகுக்காரன்" என்றார்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அண்ணன்."

"ஆமா."

"கெளம்பட்டான்னு கேட்டான் டாக்டர். எங்கண்ணன் எங்கிட்டக் கேட்டான். போலாம்னுட்டேன். ரெண்டாவது தடவையும் அப்படியே அனுப்பிட்டேன்."

அப்புறம் அவர் அழுதார். ஒரு வருஷத்து அழுகை. ஐம்பது வயது ஆண் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணா, அண்ணா என்று வாய்விட்டு அழுவதை அந்த ரோடே நின்று பார்த்தது. சௌந்தரம் எதற்காக அந்தக் கதையைச் செய்தாளோ அது நடந்துவிட்டது. அதைப் பார்க்க அவள்தான் அங்கே இல்லை.

"வண்டியத் திருப்புங்க டாக்டர். அம்மிணிகிட்டப் போகணும்."

குடோனில் கூட்டம் கலைந்திருந்தது. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சௌந்தரம் அதே மேசையில், அவர் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலையில் வளையம் இருந்தது. பக்கத்தில் நாகமாணிக்கம் திருப்தியாக நின்றிருந்தார்.

பரஞ்சோதி அதைப் பார்த்தும் நிற்கவில்லை. எதிரே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். வாத்தைச் சொன்னார், வாய்க்காலைச் சொன்னார், அண்ணனின் குரலைச் சொன்னார், பேக்கரியில் அழுததைச் சொன்னார். "எனக்காகத்தான் பண்ணுன, அம்மிணி. அத்தனையும் எனக்காக. நான் பாவி, சபையில வெச்சு உன்னக் கொன்னுட்டேன். தீர்ப்ப மாத்தச் சொல்லிக் கால்ல விழறேன். முடியாதுன்னா ரெண்டு பேரும் ஊட்டுல மேசை போடுவோம். யாரும் வர வேண்டாம், நான் வர்றேன். வாரம் பூரா வர்றேன்." சொல்லும்போதே மறுபடியும் அழுதார்.

சௌந்தரம் கையில் மோவாயை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். முடிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அழுகை நல்லா இருந்துச்சுங்க. அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஆனா வாத்து கதைய மறுபடியும் மொதல்லருந்து சொன்னீங்க, அது இழுவை. கேக்கறவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச விசயம். அண்ணன் விசயத்த முன்னாடியே கொண்டுவந்திருக்கணும், ரொம்பத் தாமசம். கடைசில ஊட்டுல மேசை போடலாம்னு சொன்னது, உங்களுக்கு ஆறுதல். எதுத்தாப்ல இருக்கறவங்களுக்கு அதுல ஒண்ணுமில்ல."

"அம்மிணி..."

"தேறலீங்க."

அவர் தன்னையே சமாதானம் செய்துகொள்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனார்.

நான் நாகமாணிக்கத்தின் மேல் பாய்ந்தேன். "ஏனுங்க, உங்களுக்கு ஈவிரக்கமே கிடையாதா? அந்தப் பொம்பள மேசைய இழந்து ரெண்டு மணி நேரம் ஆகல. அதுக்குள்ள மண்டைல மாட்டி விடணுமா? கழட்டச் சொல்லுங்க மொதல்ல!"

அவர் திருதிருவென்று விழித்தார். "எதைங்க டாக்டர்? ஓ, இதுங்களா? இது அளவு பாக்கற ஓடுங்க. செருப்புக் கடைல போட்டுப் பாக்கற மாதிரி. உள்ள ஒண்ணுமே கிடையாது. புது நடுவருங்களுக்குப் போன மாசத்துலருந்து நெசமான வளையம் ஒவ்வொரு மண்டைக்கும் தனியாச் செஞ்சுதான் வரணும்னு ஆயிருச்சுங்க. மாசக்கணக்கா ஆகுமுங்க."

நான் சௌந்தரத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் மரப்பு இல்லை. எல்லாம் முழித்துக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கையாலும் அந்த ஓட்டைக் கழற்றி நாகமாணிக்கத்திடம் நீட்டினாள்.

"காதுகிட்டக் கொஞ்சம் இறுக்குதுங்க. ஒரு நூலு தளர்த்திச் செய்யச் சொல்லுங்க. வாரத்துல எத்தன நாளு வரணும்?"

பதிலைக் கேட்டுக்கொண்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்குப் போகிற பின்வாசல் வழியாக நடந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னவென்று பேசுவாள்? அவளைத் தேறவில்லை என்று சொன்னபோது நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தானே.

வெளியே முன்வாசல் படியில் பரஞ்சோதி உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்து முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரி லேசாகச் சிரித்தார்.

"அவமேல தப்பில்ல டாக்டர். வளையம் போட்டா அப்படித்தான் பேச வரும். எனக்குத் தெரியாதா? கழட்டிட்டாளா?"

"கழட்டிட்டா."

"அப்ப ஒரு மணி நேரந்தான். மரப்பு போனதும் அவளே எந்திரிச்சு ஓடி வருவா பாருங்க. நான் இங்கயே உக்காந்திருக்கறேன். நீங்க போங்க."

"வருவா, இருங்க" என்று சொல்லிவிட்டு நான் வண்டியை எடுத்தேன்.